பின் சீட்டு

ஜூன் 4

மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. எனக்கு நலமும் இல்லை, உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காற்றாலை வேலைக்குக் கிளம்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி நடுரோட்டில் நிற்கிறது.

போனிலேயே சொல்லியிருப்பேன். போன தடவை நாம் இருவரும் போனில் பேசிய அழகைக் கேட்டுவிட்டு உங்கள் தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ரெண்டு பேரும் பேசினா தெருவே வந்து வேடிக்கை பாக்குது. வண்டியப் பத்தி என்ன இருந்தாலும் இனிமே எழுதிக்கோங்க. எழுதும்போது கத்த முடியாது" என்றாள். உங்களுக்கும் இதே உத்தரவுதான் என்று கேள்வி. எழுத்தில் கத்த முடியாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன். கடைவீதி முடிகிறவரை ஒழுங்காகத்தான் போகிறது. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. இருமல் இல்லை, திணறல் இல்லை. விளக்கை அணைத்த மாதிரி. அவள் இறங்குகிறாள், நான் உதைக்கிறேன், கிளம்புகிறது. ஏறிப் போனால் ஆஸ்பத்திரிக்கு முந்தைய வேகத்தடையில் மறுபடியும் அதே கதை.

உங்கள் தங்கைக்கு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். இன்னும் பயிற்சிக் காலம் முடியவில்லை என்பதும் தெரிந்திருக்கும். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் சும்மா விடுவார்களா? லேப் மேடம் இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். பஸ் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வேலை தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் போகிறது. வண்டியை விட்டால் வேறு வழி இல்லை.

முனைக்கடை மெக்கானிக்கிடம் காட்டினேன். ப்ளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, "தங்கமா ஓடுது சார்" என்று சாவியைக் கொடுத்தான். அவனுக்குத் தங்கம். எனக்குத்தான் தகரம்.

இன்னொன்றும் சொல்கிறேன். வாங்கும்போது அந்த வண்டியின் பின் சீட்டு வெறும் பலகை மாதிரி இருந்தது. உங்கள் தங்கை உட்கார வேண்டுமே என்று நான்தான் அதைப் பிரித்து, அடியில் பலகை கொடுத்து, நல்ல ஃபோம் வைத்து, என் கையால் தைத்துப் போட்டேன். அந்த வண்டியில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். சோபா தைக்கிறவன் என்று என்னை ஏளனம் பண்ணினீர்களே, அந்தச் சோபாக்காரனின் வேலை.

இப்படிக்கு,
உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் உங்கள் தங்கையின் கணவன்


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

காற்றாலைக் கோபுரத்திலிருந்து இறங்கி வந்ததும் சாமான் லாரிக்காரர் கடிதத்தைக் கொடுத்தார். தங்கை எழுதியிருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பசியே போய்விட்டது.

நான் ஓட்டியவரை அந்த வண்டி ஒரு நாள் நின்றதில்லை. மழையில் நின்றதில்லை, வெள்ளத்தில் நின்றதில்லை. வண்டி அதே வண்டி. ஓட்டுகிற ஆள்தான் மாறியிருக்கிறது. இதற்கு மேல் நான் சொன்னால் கத்துகிறேன் என்பீர்கள்.

தங்கைக்காக எழுதுகிறேன், உங்களுக்காக அல்ல. கவனமாகப் படியுங்கள். பெட்ரோல் கோளாறு என்றால் வண்டி கெஞ்சிக் கெஞ்சி நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றால் அது கரண்ட் கோளாறு. அந்த மெக்கானிக் கார்புரேட்டரில் கை வைத்த உடனே வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நீங்கள் டீ குடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

அடுத்த தடவை நின்றதும் ஹாரன் அடியுங்கள். அடித்தால் பேட்டரிக்கும் பியூசுக்கும் உயிர் இருக்கிறது. அடிக்காவிட்டால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும், சுரண்டிவிட்டு இறுக்குங்கள். சாவியோடு கடைச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் கோத்து மாட்டித் தொங்கவிட்டிருப்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? கழற்றுங்கள். அந்தப் பாரம் ஆடினால் சாவித்துவாரத்தில் கரண்ட் விட்டுப்போகும். பிறகு வண்டியை நிறுத்தி வைத்து, ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். அணைந்தால் கழுத்துப் பக்கம் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. வண்டியில் எங்கேயாவது கை வைத்தீர்களா? பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள்.

எது எப்படிப் போனாலும் வண்டியை அவளிடம் கொடுக்காதீர்கள். லாரி போகிற ரோடு அது. உங்களுக்கு அந்த அளவுக்காவது புத்தி இருக்கும் என்று நம்புகிறேன்.

அவளுடைய அண்ணன்


ஜூன் 17

மச்சானுக்கு,

ஹாரன் அடித்தேன். பிரமாதமாக அடித்தது. கேட் மூடப்போகிற நேரம். கேட் கீப்பர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வண்டியத் தள்ளுய்யா! நீ ஹாரன் அடிச்சா ரயில் ஒதுங்கிப் போகுமா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்ற ஜனம் அத்தனையும் சிரித்தது. உங்கள் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

சாவிக்கொத்தைப் பிரித்துவிட்டேன். பிரித்த சாவிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறேன். பேட்டரி முனைகள் பளபளவென்று இருக்கின்றன, பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஹேண்டில்பாரை வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். அணையவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "ஏங்க, மாடு பிடிக்கப் பழகறீங்களா?" என்றார். உங்கள் யோசனையால் கிடைத்த மரியாதை இது.

கை வைத்தீர்களா என்கிறீர்கள். என் தொழில் பஞ்சும் துணியும். உங்கள் வண்டியின் ஒரு ஒயரைக்கூட நான் தொட்டதில்லை. எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். மெக்கானிக் சொன்னான்: "சில பேரு திருட்டு போகக்கூடாதுன்னு எங்கேயாவது ரகசியமா சுவிட்ச் வச்சிருப்பாங்க சார். அது லூசா இருந்தா இப்படித்தான் நிக்கும். வித்தவரக் கேளுங்க." கேட்கிறேன். வைத்தீர்களா? வைத்துவிட்டுச் சொல்லாமல் விற்றீர்களா? தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவன் நடுரோட்டில் நின்று அசிங்கப்படட்டும் என்று நினைத்தீர்களா? நீங்கள் நினைக்கக்கூடிய ஆள்தான்.

நேற்று லேப் மேடம் அவளை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. இன்றைக்கு முழுக்க எனக்குத் தையல் நேராகவே வரவில்லை.

வண்டியை அவளிடம் கொடுக்கிற உத்தேசம் எனக்கும் கிடையாது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவள் ஏன் ஓட்ட வேண்டும்? இந்த ஒன்றில் நாம் ஒத்துப்போவது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அவளுடைய கணவன்


ஜூன் 24

மாப்பிள்ளைக்கு,

நான் விற்ற வண்டியில் சுவிட்ச் எதுவும் கிடையாது. இல்லை என்றால் இல்லை. ப்ளக் மாற்றத் தெரிந்தவனெல்லாம் போலீஸ் மாதிரி விசாரித்தால் நான் பதில் சொல்ல வேண்டுமா?

ஹாரன் அடிக்கிறது. விளக்கும் எரிந்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆக பேட்டரி இல்லை, பியூஸ் இல்லை, சாவி இல்லை. கழுத்து ஒயரும் இல்லை. பொறிக்குப் போகிற கரண்ட் மட்டும் செத்துப்போகிறது. இனிமேல் நின்றால் உடனே உதைக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் செருகியபடியே இன்ஜின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உதையுங்கள். முனையில் நீலப் பொறி தெரிந்தால் கரண்ட் வருகிறது. தெரியாவிட்டால் பொறி கொடுக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள் சூட்டில் படுத்துவிடுகிறது, புதிது மாற்றினால் சரியாகும். உதைக்கும்போது ப்ளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், தூக்கிப் போடும். பிடித்தே தீருவேன் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் தங்கை இறங்கியதும் ஒரே உதையில் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு போவதைவிட இறங்கி நடந்து போவது மேல் என்று அந்த வண்டிக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழே கடைத்தெருவுக்குப் போய் அவளோடு போனில் பேசினேன். குரலே சரியில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லண்ணா" என்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது. ஒரு முடிவு எடுத்துவிட்டேன். என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். வண்டி சரியாகிறவரை அவள் அங்கே இருந்து வேலைக்குப் போகட்டும். மாடி அறையைப் பெருக்கி வைக்கச் சொல்லி என் மனைவியிடம் சொல்லியாயிற்று. படித்து வேலை வாங்கியவள் உங்கள் வண்டியால் அதை இழக்க வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 30

மச்சானுக்கு,

முதலில், அது என் வண்டி இல்லை, உங்கள் வண்டி. இரண்டாவது, மாடி அறையைப் பூட்டச் சொல்லுங்கள்.

என் வீட்டில் அவளுக்கு என்ன குறை? கல்யாணத்தன்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பந்தலில் லைட் சரிபண்ணிக்கொண்டு திரிந்த ஆள் நீங்கள். இத்தனை நாள் கழித்து, ஒரு வண்டியைச் சாக்கு வைத்து அவளைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறீர்கள். எனக்குப் புரியாது என்று நினைப்பா?

உங்கள் பரிசோதனையைச் சனிக்கிழமை செய்தேன். கேட்டைத் தாண்டியதும் நின்றது. அவள் இறங்கி ஓரமாக நின்றாள். நான் ரோட்டில் முட்டிபோட்டு, சூட்டில் கையைச் சுட்டுக்கொண்டு ப்ளக்கைக் கழற்றி, சாய்த்து வைத்து உதைத்தேன். பொறி வந்தது. நீலமாக, ஜோராக வந்தது. ஒருதரம் இல்லை, உதைத்தபோதெல்லாம் வந்தது. ஆக உங்கள் கணக்குப்படி கரண்ட் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. வண்டி மட்டும் ஓடவில்லை. மின்சார மேதைக்கு என் வாழ்த்துகள்.

ப்ளக்கை மறுபடி மாட்டுவதற்குள் நேரமாகிவிட்டது. அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நகருங்க. நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றாள். நான் விளையாட்டுக்கு என்று நினைத்துச் சிரித்தேன். "எனக்கு ஓட்டத் தெரியும்னு உங்களுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே இருக்கீங்க" என்றாள். லாரி, பஸ், ரோடு என்று நான் ஏதோ சொன்னேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வேகத்தடையில் மறுபடி நின்றது.

லேப் மேடம் இந்தத் தடவை கத்தவில்லையாம். "இதுதான் கடைசி. இன்னொரு நாள் லேட்டுன்னா நீ கோட்டு மாட்டவே வேணாம், அப்படியே திரும்பிப் போயிடு" என்று அமைதியாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுகிறோம். நின்று நின்று போய்ச் சேர்வதற்கு நேரம் வேண்டுமே. இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அவளுடைய கணவன்


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

பொறி வருகிற வண்டி நிற்காது. நிற்கிற வண்டியில் பொறி வராது. இரண்டில் ஒன்றை நீங்கள் பொய்யாகச் சொல்கிறீர்கள். நான் கோபுர உச்சியில் உட்கார்ந்துகொண்டு இதையே யோசித்து, இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களால்.

உங்களோடு எழுதிப் பிரயோசனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வந்து அவளை அழைத்துக்கொண்டு போவாள். துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வண்டியை அவள் கையில் கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் நான் லீவு போட்டுவிட்டு வருவேன். அப்புறம் எழுத்தெல்லாம் கிடையாது.

அண்ணன்


ஜூலை 12

மச்சானுக்கு,

உங்கள் மனைவி வந்தார். உங்கள் தங்கை டீ கொடுத்து உட்காரவைத்து, குழந்தைகளைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, "அண்ணி, நான் எங்கேயும் வரல. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இவர்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன்" என்றாள். என்னிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று ராத்திரிவரை அவள் பின்னாலேயே சுற்றினேன்.

ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆணியில் சாவி இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறாள். நான் துண்டோடு நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரர், "என்னங்க, உங்கள விட்டுட்டுப் போறாங்க?" என்கிறார்.

அன்று நேரத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறாள். செவ்வாயும் அப்படியே. வாரம் முழுக்க அப்படியே. மச்சான், வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்டவாளத்தில் நிற்கவில்லை, வேகத்தடையில் நிற்கவில்லை. கேட் கீப்பர் அவளைப் பார்த்ததும் பச்சைக் கொடியை ஆட்டுகிறாராம். நான் ஓட்டினால் நின்ற வண்டி அவள் ஓட்டினால் பறக்கிறது. கேட்டால், "எனக்கென்ன தெரியும்? ஓடுது, ஓட்டறேன்" என்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றுகிறது. அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்குகிறீர்கள். எங்கேயோ சுவிட்ச் இருக்கிறது. அது எங்கே என்று அவளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை நானே பின்னால் ஏறி உட்கார்ந்து போகப்போகிறேன். அவள் எங்கே கை வைக்கிறாள், என்ன செய்கிறாள் என்று கூடவே இருந்து பார்க்கிறேன். அகப்பட்டால் அப்புறம் இருக்கிறது உங்களுக்கு.

கணவன்


ஜூலை 15

ஏய்,

பின்னால் உட்காராதே! அவளோடு வண்டியில் ஏறாதே! வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று சாமான் லாரிக்குக் காத்திராமல் நானே கீழே இறங்கி வந்து தபாலில் போடுகிறேன். போன் போட்டால் நீயும் எடுக்கவில்லை, வேலை நேரத்தில் அவளும் எடுக்கவில்லை.

மெக்கானிக் தனியாக ஓட்டினான், ஓடியது. அவள் தனியாக ஓட்டுகிறாள், ஓடுகிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நிற்கிறது. பின்னால் இருக்கிற ஆள் இறங்கினால் கிளம்புகிறது. அவள் இறங்கி நின்ற பிறகு பார்த்தால் பொறி வராமல் என்ன செய்யும்? இதைக் கண்டுபிடிக்க இத்தனை கடிதமா? எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "அடியில் பலகை கொடுத்து" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தப் பலகையை எதை வைத்து முடுக்கினாய்? ஸ்க்ரூ அடித்தாயா? எவ்வளவு நீளம்? கை வைத்தாயா, கை வைத்தாயா என்று நான் தொண்டை கிழியக் கேட்டேனே, சீட்டு என்றால் அது வண்டி இல்லையா?

பின் சீட்டைத் தூக்கிப் பார். அடியில் சட்டத்தின் மேல் டேப் சுற்றிய ஒரு ஒயர் கிடக்கும். அது எதற்கு என்று இப்போது கேட்காதே. அது இரும்பைத் தொட்டால் இன்ஜின் அணையும். அதைத் தொடாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

அண்ணன்


ஜூலை 19

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீங்கள் எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் நான் பின்னால் ஏறியபோது அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. வழியெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டு போனேன். ஒழுங்காகத்தான் ஓட்டினாள், என்னைவிட நன்றாகவே. தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும் பட்டென்று அணைந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவள் பதறவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இறங்குங்க" என்றாள். இறங்கினேன். உதைத்தாள், கிளம்பியது. "ஏறுங்க." தொப்பென்று ஏறி உட்கார்ந்தேன், அணைந்தது. "இறங்குங்க." கிளம்பியது. கேட் கீப்பர் வெளியே வந்து, "அட, ஆள் ஏறினா நிக்குது, இறங்கினா ஓடுது! உங்க வீட்டுக்காரர வண்டிக்கே பிடிக்கலம்மா!" என்றார். அவள் சிரிக்கவில்லை. சாவியைப் போட்டுப் பின் சீட்டைக் கழற்றித் திருப்பினாள்.

என் பலகையில் அடித்த ஸ்க்ரூக்களின் முனை அடிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. கடையில் சோபாக் கால்களுக்கு வைத்திருந்த நீள ஸ்க்ரூ. ஆடாமல் இருக்கட்டும் என்று போட்டேன். நேர் கீழே வண்டிச் சட்டத்தின் மேல் உங்கள் ஒயர். டேப் கிழிந்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. பாரம் அழுத்தினால் ஸ்க்ரூ முனை அதையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டுவிடுகிறது.

ஒயரைப் பார்த்ததும் அவள், "இதுவா, இது எனக்குத் தெரியுமே" என்றாள். அப்புறம் சொன்னாள் மச்சான், நின்ற இடத்திலேயே. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்க கடைக்கு வண்டிய எடுத்துட்டு வரக்கூடாதுன்னு அண்ணன் சீட்டுக்கு அடியில ரகசியமா ஒரு சுவிட்ச் வச்சிருந்தாரு. மறுநாளே கண்டுபிடிச்சிட்டேன். போகும்போது தட்டிவிட்டுட்டுப் போவேன், வந்ததும் பழையபடி வச்சிடுவேன். தங்கச்சி வீட்லதான் இருக்கான்னு அண்ணன் நிம்மதியா இருந்தாரு."

உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு நல்ல சந்தர்ப்பம் அது. சிரிக்க வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "சுவிட்ச மட்டும் கழட்டிட்டு ஒயர விட்டுட்டுப் போனாரு அவரு. நான் போகக்கூடாதுன்னு போட்ட ஒயர். நான் சொகமா உக்காரணும்னு ஸ்க்ரூ அடிச்சீங்க நீங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு என் வேலைக்கு வேட்டு வைக்கப் பாத்தீங்க. இதுல மாசக்கணக்கா ஒருத்தர ஒருத்தர் திட்டி லெட்டர் வேற!"

பையிலிருந்து ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்தாள். ஒயரின் முனையில் நாலைந்து சுற்றுச் சுற்றி ஓரமாகச் செருகினாள். சீட்டை என் கையில் கொடுத்தாள். உதைத்தாள். போய்விட்டாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், அது வேறு விஷயம். கேட் மூடியது. ரயில் போகிறவரை நான் ஒரு சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், "ஆர்டரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

என்னை 'நீ' என்றும் 'வா போ' என்றும் எழுதியதை அவளிடம் காட்டவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன், பின்னால் உதவும்.

அவளுடைய கணவன்


ஜூலை 26

மாப்பிள்ளைக்கு,

டேப் சுற்றிய ஒயர் தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. அதன் தலையில் ஸ்க்ரூவை இறக்கியது நீங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த எலக்ட்ரீஷியனிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் தட்டிவிட்டுவிட்டா போனாள்? தினமுமா? நான் தினமும் சாயங்காலம் சீட்டைத் தூக்கி, சுவிட்ச் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். திருப்தியாகச் சாப்பிட உட்காருவேன். எதிரில் உட்கார்ந்து அவள்தான் பரிமாறுவாள். ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லையே, கழுதை.

சனிக்கிழமை லீவில் வருகிறேன். என்னிடம் பெரிய பை இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வா என்று அவளிடம் போனில் சொன்னேன். "பின் சீட்டு இல்லண்ணா" என்கிறாள். என்ன விளையாட்டு இது? குட்டை ஸ்க்ரூவாகப் போட்டுச் சீட்டை மாட்டிக் கொடுங்கள். இதைக்கூட நான் எழுதித்தான் சொல்ல வேண்டுமா?

அண்ணன்


ஜூலை 29

மச்சானுக்கு,

நீங்கள் சொல்வதற்கு முன்பே செய்துவிட்டேன். ஸ்க்ரூவே இல்லாமல், பலகையைப் பசை போட்டு ஒட்டி, முன்பைவிட அழகாகத் தைத்து அவளிடம் நீட்டினேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "நல்லா இருக்கு. கடையில போட்டு வைங்க, வர்றவங்க உக்காரட்டும்" என்றாள். அது இப்போது என் கடையில் ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. டீ குடிக்கும்போது நான்தான் அதில் உட்காருகிறேன். உண்மையிலேயே சுகமாக இருக்கிறது.

வண்டியில் பின் சீட்டு இருந்த இடத்தில் ஒரு பெட்டியை முடுக்கிவிட்டாள். கோட்டும் சாப்பாடும் வைத்துக்கொள்வதற்காம். மெக்கானிக்கிடம் சொல்லி, ஒயரை அடியோடு வெட்டி எடுத்தாயிற்று. வேலையும் நேற்று நிரந்தரமாகிவிட்டது. நீங்கள் அவளிடம் கேட்டால் அவளே சொல்வாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன், நடந்துதான். உங்கள் மேல் பாசம் பொங்கி அல்ல, அவள் போகச் சொன்னாள். பையின் ஒரு காதை நீங்கள் பிடியுங்கள், மறு காதை நான் பிடிக்கிறேன். வழியில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். வண்டியை விட்டால் நமக்குள் பேச வேறு எதுவும் இல்லை. ஆகவே பேசாமலே நடக்கலாம்.

ரயில்வே கேட் பக்கம் வரும்போது ஓரமாக வாருங்கள். அவள் வேலை முடிந்து வருகிற நேரம் அது. பின்னாலிருந்து ஹாரன் அடிப்பாள். ஒதுங்கி வழி விடுங்கள், நிறுத்த மாட்டாள்.

அவளுடைய கணவன்